திலகவதியார் காத்திருந்த காலம்

 

வந்துவிட்ட துன்பத்தைக் காட்டிலும், வருமோ வராதோ என்று நெஞ்சைத் தொங்கவிடும் துன்பம் கொடியது. தேர்வில் தோற்றவன் ஒருநாள் அழுதுவிட்டு மறுநாள் எழுந்து நடக்கிறான். முடிவு வெளிவராமல் காத்திருக்கும் மாணவனோ உண்ணும்போதும் உறங்கும்போதும் அதனையே எண்ணி வாடுகிறான். நாற்பது ஆண்டுக் காலம் பள்ளிகளில் வாழ்ந்த எனக்கு இந்த வாட்டம் நன்கு பழகிய முகம். 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தொற்று நோயினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, அந்த வாட்டத்தை நாடே அறிந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு நாள் குறிப்பதும் தள்ளி வைப்பதுமாக வாரங்கள் கழிந்தன. இறுதியில் ஜூன் 9-ஆம் நாள் தேர்வே இல்லை என்று அரசு அறிவித்தது. 9 இலட்சத்திற்கும் மேற்பட்ட மாணாக்கர் தேர்வு எழுதாமலே தேறினர். அதில் மகிழ்ந்தவர் உண்டு. ஆயினும், அந்த மூன்று திங்களில் அவர்கள் வீடுகளில் நிகழ்ந்தவை மதிப்பெண் பட்டியலில் ஏறவில்லை. வேலை இழந்த தந்தையர் எத்தனை பேர்! மருத்துவமனைக்குச் சென்று திரும்பாத பாட்டன் பாட்டியர் எத்தனை பேர்!

இத்தகைய காலங்களில் பெரியோர், “கடவுளை நம்பு” என்று சொல்வது வழக்கம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இளைஞர்கள் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா போவதில்லை. “நம்பிக்கொண்டே நான் என்ன செய்வது?” என்று ஒருவன் கேட்கிறான். “நம்பினேன், கிடைக்கவில்லையே, இனி என்ன நினைப்பது?” என்று மற்றொருத்தி கேட்கிறாள். இவை நேர்மையான வினாக்கள். இவற்றிற்குத் தத்துவ நூல்களிலிருந்து விடை கூறலாம். அவ்வாறு செய்யாமல், நம் நாட்டில் வாழ்ந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை நினைவுபடுத்த விரும்புகிறேன். பலரும் அவருடைய தம்பியை அறிவர். அவரை அவ்வளவாக அறியார். தம்பியார் திருநாவுக்கரசர், அப்பர் என்று நாம் அன்போடு அழைப்பவர். தமக்கையார் திலகவதியார்.

இவ்வரலாற்றை நமக்கு விரிவாகத் தந்தவர் சேக்கிழார். குன்றத்தூரிற் பிறந்து, இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராய் இருந்து, பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரிய புராணத்தை இயற்றியவர் அவர். அப்பர் வாழ்ந்தது ஏழாம் நூற்றாண்டு. ஆகவே சேக்கிழார் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுக்குப் பின் நின்று எழுதுகிறார் என்பதைக் கல்லூரி மாணவர் மனத்திற் கொள்ள வேண்டும். அவர் எழுதியது பக்தி வரலாறு, நாட்குறிப்பு அன்று. ஆயினும் மனித உள்ளத்தைப் பற்றி அவர் எழுதிய பகுதிகளில் கற்பனை என்று ஒதுக்கத் தக்கது மிகக் குறைவு என்பது என் கருத்து.

கெடில நதி பாயும் நாட்டில், இன்றைய பண்ணுருட்டிக்கு அண்மையில், திருவாமூர் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே புகழனார், மாதினியார் என்ற பெற்றோருக்குத் திலகவதியாரும், பின்னர் மருள்நீக்கியார் என்ற தம்பியும் பிறந்தனர். தமக்கை மணப்பருவம் எய்தினார். அரசனிடம் படைத்தலைவராய் இருந்த கலிப்பகையார் அவரை மணம் பேசினார், பெற்றோரும் இசைந்தனர். அதற்குள் வடபுலத்திலிருந்து பகை மூண்டது. அரசன் ஆணையினால் கலிப்பகையார் போருக்குச் சென்றார். மணம் தள்ளிப்போயிற்று.

இதன் பின் நிகழ்ந்தவற்றைச் சேக்கிழார் அடுக்கடுக்காகச் சொல்லுகிறார். புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியார் கணவனைத் தொடர்ந்து உயிர் துறந்தார். இரண்டு பிள்ளைகள் அந்த வீட்டில் தனித்து நின்றனர். அந்தத் துயரம் ஆறுமுன்னே போர்க்களத்திலிருந்து செய்தி வந்தது: கலிப்பகையார் வீழ்ந்தார்.

தந்தை, தாய், மணவாளர் ஆக இருந்தவர் என்று மூவரும் போயினர். “என் பெற்றோர் என்னை அவருக்கே கொடுக்க இசைந்தனர், ஆகையால் இவ்வுயிரும் அவருக்கே உரியது” என்று எண்ணி, திலகவதியார் தம் உயிரை விட்டுவிடத் துணிந்தார். அப்போது தம்பி ஓடிவந்து அவர் காலடியில் விழுந்தான். தாயும் தந்தையும் போனபின் தமக்கையாகிய உம்மை வணங்கியே நான் உயிர் வாழ்கிறேன், நீரும் என்னை விட்டுப் போவதாயின் உமக்கு முன்னே நான் போவேன் என்று அழுதான். திலகவதியார் தம் துணிவைக் கைவிட்டார். தம்பி வாழ வேண்டும் என்ற ஒரே காரணத்திற்காகத் தாம் வாழ இசைந்தார்.

இந்த இடத்தில் சற்றே நிற்க வேண்டும். அவ்வேளையில் திலகவதியாரிடம் கடவுள் வந்து பேசவில்லை, அசரீரி ஒலிக்கவில்லை, மலர்மாரி பொழியவில்லை. அழுது நிற்கும் ஒரு சிறுவன்தான் இருந்தான். அவரை வாழ வைத்தது அந்தச் சிறுவனின் குரல். இறைவனின் துணை எவ்வுருவில் வரும் என்று நாம் முன்கூட்டி வரையறுத்துக்கொண்டு, அவ்வுருவில் வராதபோது துணையே வரவில்லை என்று முடிவு கட்டுகிறோம். திலகவதியாருக்கு அது தம்பியின் கண்ணீராய் வந்தது. உங்களில் எவருக்கேனும் வாழ்வு வெறுத்துப் போகும் வேளை வருமாயின், அதனை நெஞ்சுக்குள் பூட்டி வைக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடமோ, ஆசிரியர் ஒருவரிடமோ, நண்பர் ஒருவரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். தமிழக அரசின் 104 என்ற தொலைபேசி எண்ணில் இதற்கென்றே செவி கொடுப்போர் உள்ளனர். சொல்வது கோழைத்தனம் அன்று. மருள்நீக்கியார் அழுது சொல்லியிராவிட்டால் நமக்குத் திலகவதியாரும் இல்லை. தேவாரத்தின் மூன்று திருமுறைகளும் இல்லை.

கதை இங்கே நேராகச் செல்லவில்லை. வளர்ந்த மருள்நீக்கியார் உலகின் நிலையாமையை எண்ணினார். இருந்த பொருளைக் கொண்டு அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார், குளம் வெட்டினார், சோலை வளர்த்தார். பின்னர் மெய்ந்நெறி எதுவெனத் தேடிப் பாடலிபுத்திரம் என்ற ஊரில் இருந்த சமணப் பள்ளியைச் சேர்ந்து, கலைகள் பல பயின்று, தருமசேனர் என்ற பெயருடன் தலைமை எய்தினார். வடநாட்டுப் பாடலிபுத்திரத்தை எண்ணிக் குழம்ப வேண்டா. இது கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூர்ப் பகுதி என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. அங்கே சமணர் கல்வி மிகச் சிறந்திருந்தது. லோகவிபாகம் என்ற உலக இயல் நூல் பாடலிகை என்ற இவ்வூரில் சகம் 380-இல், அதாவது கி.பி. 458-இல், எழுதப்பட்டது என்று அதன் பிற்கால வடமொழி வடிவம் குறிக்கிறது. எண்களை இட மதிப்பு முறையில் எழுதியதற்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்றாகக் கணித வரலாற்றார் அதனைப் போற்றுவர்.

இதை நான் குறிப்பதற்குக் காரணம் உண்டு. இவ்வரலாற்றில் சமணரைப் பற்றி வரும் கடுமையான பகுதிகளைக் கொண்டு அச்சமயத்தாரைக் குறைவாக நினைத்தல் தகாது. சீவக சிந்தாமணி தந்த திருத்தக்க தேவர் சமணர். நாம் இலக்கணம் படிக்கும் நன்னூலை எழுதிய பவணந்தியார் சமணர். அக்காலச் சமயப் பூசல் அக்காலத்தோடு போகட்டும். நாம் பார்க்க வேண்டியது ஒரு தமக்கையின் உள்ளம்.

அவர் யாருக்காக உயிர் வாழ இசைந்தாரோ, அந்தத் தம்பியும் இப்போது பிரிந்து போய்விட்டார். இறக்கவில்லை, ஆனால் எட்டாத் தொலைவிற்குப் போய்விட்டார். இதுவும் ஒரு வகையில் நான்காவது இழப்பே. திலகவதியார் என்ன செய்தார்? திருவாமூரை விட்டுக் கெடிலத்தின் வடகரையில் உள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். பொழுது புலருமுன் எழுந்து கோயிலைக் கூட்டினார். ஆனின் சாணத்தால் தரையை மெழுகினார். மலர் கொய்து மாலை தொடுத்தார். நாள்தோறும் இவ்வாறே செய்து, தம்பியை மீட்டுத் தர வேண்டும் என்று இறைவனை இரந்தார்.

கூட்டுதல், மெழுகுதல், பூத்தொடுத்தல் ஆகிய இவை மூன்றும் மறுநாள் மீண்டும் செய்ய வேண்டிய வேலைகள். இன்று கூட்டிய முற்றத்தில் நாளைக்குச் சருகு விழும். இன்று தொடுத்த மாலை நாளைக்கு வாடும். “இத்தனை நாள் கூட்டினேனே, தம்பி வந்தானா?” என்று அவர் கேட்டிருப்பின், இரண்டாம் வாரமே துடைப்பத்தை எறிந்திருப்பார். நம்பிக்கை என்றால் உள்ளத்தில் எழும் ஓர் உணர்ச்சி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உணர்ச்சி காலையில் இருக்கும், மாலையில் இராது. திலகவதியாரின் நம்பிக்கை அவருடைய கையில் இருந்தது. மனம் சோர்ந்திருந்த விடியற்காலைகளும் அவருக்கு இருந்திருக்கும் அன்றோ! அன்றும் முற்றம் கூட்டப்பட்டது.

திருவதிகை இன்று பண்ணுருட்டியை ஒட்டி இருக்கிறது. அந்நிலப் பகுதியின் பலாவும் முந்திரியும் நாடறிந்தவை. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தானே என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரே காலைப் பொழுதில் தலைமுறை தலைமுறையாய் வளர்ந்த பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. முந்திரித் தோப்புகள் படுத்துவிட்டன. நெல் போனால் அடுத்த பருவத்தில் நடலாம். பலா போனால்? சில திங்கள் கழித்து அப்பக்கம் சென்றிருந்தபோது, வயது எண்பதை நெருங்கிய ஒரு குடியானவர் சாய்ந்த மரத்தின் குழியருகிலேயே பலாக்கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதைக் கண்டேன். “ஐயா, இது எப்போது காய்க்கும்?” என்று கேட்டேன். “காய்க்கிறபோது காய்க்கும், தண்ணீர் இன்றைக்கு ஊற்ற வேண்டும்” என்றார். அவர் பெரிய புராணம் படித்தவரா என்று நான் கேட்கவில்லை. அவ்வூர் மண்ணில் இன்னும் அந்த அம்மையின் வழக்கம் இருக்கிறது என்று மட்டும் எண்ணிக்கொண்டேன்.

திலகவதியாரின் வேண்டுகோளுக்கு விடை வந்தது. எவ்வாறு வந்தது என்பதே வியப்பு. இறைவன் கனவில் தோன்றி, கவலை ஒழிக, உன் தம்பிக்குச் சூலை நோய் தந்து அவனை ஆட்கொள்வோம் என்று அருளியதாகச் சேக்கிழார் கூறுகிறார். சூலை என்பது வயிற்றைக் குடைந்து முறுக்கும் கொடுநோய். தம்பி திரும்ப வேண்டும் என்று கேட்ட தமக்கைக்கு, தம்பி துடிப்பான் என்பது விடை! இதனைக் கேட்டு அவர் மகிழ்ந்திருப்பாரா, நடுங்கியிருப்பாரா? இரண்டும் இருந்திருக்கும். நாம் வேண்டியது நாம் விரும்பிய பாதையில் வருவதில்லை என்பதைப் புராண ஆசிரியர் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதற்காகவே அவரைப் போற்ற வேண்டும்.

தருமசேனரின் வயிற்றில் நோய் பற்றியது. பள்ளியில் இருந்தோர் மந்திரமும் மயிற்பீலியும் கொண்டு முயன்றனர், தணியவில்லை. அவர் தம் சமையற்காரனைத் தமக்கையிடம் அனுப்பினார். திலகவதியாரோ, அப்பள்ளிக்கு நான் வாரேன் என்று சொல்லியனுப்பினார்.

வகுப்பில் இப்பகுதியைச் சொல்லும்போதெல்லாம் முகஞ்சுளிக்கும் மாணவியர் உண்டு. “இத்தனை ஆண்டு காத்திருந்தவர், அழைப்பு வந்ததும் ஓடியிருக்க வேண்டாவா, ஐயா? இது கல்நெஞ்சம் அல்லவா?” என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் அவர் கதவை அடைக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். தாம் நின்ற இடத்தில் நின்றார்; வருகிறவனுக்காக விளக்கை ஏற்றி வைத்தார். ஆத்திரத்தால் ஓடுகிறவன் நம்பவில்லை என்று பொருள்; நம்புகிறவனால்தான் நிற்க முடியும். தம்பி அன்றிரவே பாயையும் கமண்டலத்தையும் பீலியையும் விட்டொழித்து, வெள்ளாடை உடுத்து, ஊர் அறியாமல் புறப்பட்டுத் தமக்கையின் மடத்தை அடைந்து அவர் அடிகளில் விழுந்தார். ஏன் போனாய் என்று திலகவதியார் ஒரு சொல்லும் கேட்கவில்லை. திருநீறு தந்தார். விடியற்காலையில் வழக்கம்போல் துடைப்பமும் சாணமும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் உடன் அழைத்துக் கோயிலுக்குச் சென்றார். இத்தனை பெரிய நாளிலும் கூட்டும் வேலை நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அங்கே மருள்நீக்கியார் பாடிய முதற்பதிகம் இன்றும் நான்காம் திருமுறையின் தொடக்கத்தில் இருக்கிறது. அதனை எடுத்துப் படித்துப் பாருங்கள். அது புகழ்மாலை மட்டுமன்று; முறையீடும் ஆகும். குடரை முறுக்கும் வலியைச் சொல்லி, அதனைப் பொறுக்க இயலவில்லை என்று இறைவனிடம் நேராகவே முறையிடுகிறார். நம்பிக்கை உடையவன் முனகக் கூடாது என்று சிலர் கருதுகின்றனர். தமிழ் நாட்டு அடியார் மரபு அவ்வாறு சொல்லவில்லை. நம் அடியார்கள் இறைவனிடம் அழுதிருக்கிறார்கள், வழக்காடியிருக்கிறார்கள், ஊடியிருக்கிறார்கள். பிள்ளை தாயிடம் அழுவது தாயை நம்பாமையால் அன்று.

நோய் தீர்ந்தது, நாவுக்கரசர் என்ற பெயர் வந்தது. அதன் பின் பல்லவ மன்னன் அவருக்கு இழைத்த கொடுமைகளை நீங்கள் பள்ளிப் பாடங்களிற் படித்திருப்பீர்கள். ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தது, நஞ்சு கலந்த பாற்சோறு கொடுத்தது, யானையை ஏவியது, கல்லோடு பிணித்துக் கடலில் எறிந்தது ஆகியவற்றை நான் விரிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லுவேன். காளவாயினுள் இருந்தபோது பாடியதாகக் கூறப்படும் பாட்டில் நெருப்பைப் பற்றிய பேச்சே இல்லை. இசையும், நிலவும், தென்றலும், பொய்கையுமே அவர் நினைவில் எழுந்தன. நெருப்பிலே கிடக்கும் மனம் குளிர்ச்சியை எண்ண வல்லதாயின் அம்மனத்திற்கு எத்துணைப் பயிற்சி வேண்டும்!

“ஐயா, கல் மிதந்ததா?” என்று கேட்கும் மாணவன் ஒவ்வோர் ஆண்டும் ஒருவன் இருப்பான். அவனை நான் கடிந்ததில்லை. இயற்பியல் ஆசிரியர் சொல்லும் விதியை மறுக்குமாறு நான் உனக்குச் சொல்ல மாட்டேன் என்றே கூறுவேன். வரலாறு உறுதியாகச் சொல்லக் கூடியது சிறிது. மகேந்திரவர்மன் என்ற பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டான். குணபரன் என்பது அவன் பெயர்களுள் ஒன்று. திருச்சிராப்பள்ளிக் குன்றின் குகைக் கோயிலில் உள்ள அவனது வடமொழிக் கல்வெட்டு, அவன் வேறு நெறியினின்று திரும்பி இலிங்க வழிபாட்டை மேற்கொண்டதைக் குறிப்பதாக அறிஞர் பொருள் கொள்வர். குணபரன் என்ற பெயரைப் பெரிய புராணமும் அறியும். இவ்வளவே கல் சொல்லுவது. மற்றையதைக் கடலூரில் கரையேறவிட்ட குப்பம் என்ற இடத்தின் பெயரும், மக்கள் நெஞ்சமும் சொல்லுகின்றன. ஒன்று மட்டும் ஐயத்திற்கு இடமற்றது. அரசனுடைய வலிமைக்கு முன் தனி மனிதர் ஒருவர் அஞ்சாது நின்றார் என்று மக்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நம்பி, தம் அச்ச வேளைகளில் அதனைச் சொல்லிச் சொல்லித் தேறியிருக்கின்றனர்.

எனக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி கடலிலும் இல்லை, காளவாயிலும் இல்லை, திருவீழிமிழலையில் இருக்கிறது. அப்பரும் ஞானசம்பந்தரும் அவ்வூரில் தங்கியிருந்தபோது மழை பொய்த்தது. வயல் காய்ந்தது. பஞ்சம் வந்தது. உடனிருந்த அடியார் கூட்டம் பசியால் வாடியது. இறைவன் இருவர் கனவிலும் தோன்றி, உம்மைச் சார்ந்தோர் வருந்தாவண்ணம் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு தருவோம் என்றார். மறுநாள் முதல் கோயிலின் கிழக்குப் பீடத்திலும் மேற்குப் பீடத்திலும் ஒவ்வொரு காசு இருந்தது. கிழக்கில் சம்பந்தருக்கு, மேற்கில் அப்பருக்கு. காசைக் கொண்டு பொருள் வாங்கிச் சமைத்து, வந்தோர்க்கெல்லாம் இருவர் மடங்களிலும் உணவு படைத்தனர்.

சில நாளில் சம்பந்தர் ஒன்றைக் கவனித்தார். அப்பர் மடத்தில் உரிய வேளையில் பந்தி நடக்கிறது. தம் மடத்தில் காலம் தாழ்கிறது. காரணம் கேட்டபோது பணியாளர் சொன்னார்கள்: “அவர் காசைக் கடையில் அப்படியே வாங்கிக் கொள்கிறார்கள். நம் காசுக்கு வாசி கேட்கிறார்கள்.” வாசி என்றால் காசு மாற்றும்போது பிடித்துக்கொள்ளும் வட்டம். கடவுள் கொடுத்த காசிற்கும் கடைக்காரன் வட்டம் பிடிக்கிறான் என்று எழுதிய சேக்கிழாரின் உலக அறிவே அறிவு! அமைச்சராய் இருந்தவர் அன்றோ!

சம்பந்தர் சிந்தித்தார். இருவரும் பாடுகின்றனர்; இருவரும் அன்பர்; ஆயின் வேறுபாடு என்ன? நாவுக்கரசர் கையில் உழவாரப் படை இருக்கிறது. கோயில் முற்றத்துப் புல்லையும் முள்ளையும் செதுக்கி மெய் வருந்தித் தொண்டு செய்கிறார். அதனால்தான் அவர் காசு வாசியில்லாக் காசு என்று தெளிந்தார். தெளிந்து, பொறாமை கொள்ளாமல், வாசி தீர வேண்டும் என்று பதிகம் பாடினார். மறுநாள் அவர் காசும் நற்காசாயிற்று. பின்னர் மழையும் பெய்தது.

மாணவர்களே, தேர்வுக்கு முதல் நாள் பிள்ளையார் கோயிலில் கூடும் கூட்டத்தை நான் பல்லாண்டு பார்த்தவன். தேறினால் நூற்றெட்டுத் தேங்காய் என்று வேண்டிக்கொள்வாரும் உண்டு. வணங்குவது நன்று, அச்சம் நீங்கி மனம் ஒருமுகப்படுமாயின் அதுவே பெரும்பேறு. ஆனால் பிள்ளையாரிடம் விடைத்தாள் திருத்தும் பணியை எந்தத் தேர்வுத் துறையும் ஒப்படைக்கவில்லை. தேங்காய்க்கும் மதிப்பெண்ணுக்கும் பண்டமாற்றுச் செய்வதை வாணிகம் எனலாம். நம்பிக்கை எனல் ஆகாது. வாணிகத்தில் சரக்கு வராவிட்டால் வழக்குத் தொடுப்போம். அப்படித்தான் பலர் தேர்வு முடிவு வந்த மறுநாள் கடவுள் இல்லை என்கின்றனர். அப்பரின் நம்பிக்கையில் இவ்வகை ஒப்பந்தம் கிடையாது. தொண்டு செய்வது தம் பொறுப்பு, தம்மைத் தாங்குவது அவன் பொறுப்பு என்று இரண்டையும் பிரித்துக்கொண்டார். அவன் பொறுப்பில் தாம் தலையிடவில்லை; தம் பொறுப்பை அவன் தலையில் சுமத்தவுமில்லை.

நம்பிக் கேட்டும் கிடைக்காத ஒன்று அப்பருக்கும் இருந்தது. முதுமையில் கயிலை மலையைக் காண வேண்டும் என்று வடக்கே நடந்தார். கால் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார். கையும் தேய்ந்தது; மார்பால் ஊர்ந்தார். உடம்பு முழுவதும் நைந்து கிடந்தபோது முனிவர் ஒருவர் எதிர்ப்பட்டு, மானிடர் சேரத் தக்கதன்று, திரும்பிப் போவீராக என்றார். திரும்ப மறுத்தார். அங்குள்ள பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எம்மைக் காண்க என்ற குரல் கேட்டது. மூழ்கியவர் காவிரிக் கரைத் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். அங்கே எதிர்ப்பட்ட களிறும் பிடியும், சேவலும் பேடையும், இணை இணையாக வந்த உயிர்களெல்லாம் அவருக்கு அம்மையும் அப்பனுமாகத் தோன்றின.

நுணுகி நோக்கின், அவர் கேட்டது கொடுக்கப்படவில்லை. கயிலை மலையை அவர் அடையவில்லை. காண விரும்பிய காட்சியை மட்டும், புறப்பட்ட சோழ நாட்டிலேயே, நாள்தோறும் யாரும் பார்க்கும் யானையிலும் கோழியிலும் கண்டார். வேண்டிய கல்லூரியில் இடம் கிடைக்காமல் வேறொன்றில் சேர்ந்து, அங்கே தம் வாழ்வின் தொழிலைக் கண்டுகொண்ட மாணவர் பலரை நான் அறிவேன். அவர்களிடம் சேர்ந்த அன்றே இது உனக்கு நன்மை என்று சொல்லியிருந்தால், என்னை ஏசியிருப்பர். சொல்லாமல் இருந்தேன். சில உண்மைகளைப் பிறர் சொல்லக் கூடாது. நடந்தவரே கண்டுகொள்ள வேண்டும். துன்பத்தில் இருப்பவனிடம் போய், எல்லாம் நன்மைக்கே என்று உபதேசிப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. திலகவதியார் தம் தம்பிக்கு உபதேசம் செய்யவில்லை. நீறு கொடுத்தார், கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றார். அவ்வளவே.

அப்பரின் பாடல்கள் நான்கு, ஐந்து, ஆறு ஆகிய மூன்று திருமுறைகளாக நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவர் அறுபத்து மூவருள் ஒருவராக எல்லாச் சிவன் கோயில்களிலும் கையில் உழவாரத்தோடு நிற்கிறார். திலகவதியாரை அந்த அறுபத்து மூவர் கணக்கில் சேர்க்கவில்லை. நாவுக்கரசர் அதிகையை விட்டுத் தலந்தோறும் நடக்கத் தொடங்கியதும் புராணமும் அவர் பின்னேயே போய்விடுகிறது. அந்த அம்மையார் பாடியதாக ஒரு பாட்டும் நம்மிடம் இல்லை. திருவதிகைக் கோயிலுக்குச் சென்றால் மட்டும் அவருக்கென்று ஒரு சந்நிதி இருப்பதைக் காணலாம். கோயிலை எழுப்பியவர் எவரோ. அதன் முற்றத்தை இருள் பிரியுமுன் கூட்டியவருக்கு அங்கே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பண்ணுருட்டி வழியாகப் போகும் மாணவர்கள் ஒரு நாழிகை இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம்.